பெட்டிக்குள் பூட்டிய குரல்

மூன்று தீபாவளிக்கு முன்பு, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி. நானும் என் கணவரும், பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த எங்கள் மகளும் அங்கே குடியிருந்தோம். நான் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் "கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே பாவம் சேர்ப்பவள். அவர் அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்தார். பாலம் தாண்டிப் போய்வரும் ஷிஃப்ட் வேலை. வீட்டில் மூன்று பேர் என்றா சொன்னேன்? நான்கு பேர். நான்காவது, என் சக்களத்தி.

பதற வேண்டாம். அது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாம் என்று கழித்துப் போட்டதை அவர் வாங்கி வந்து, தூசி தட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை உள்ளே போட்டு, ஹாலில் டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார வைத்தார். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு பச்சை விளக்கு, லேசாக ஒரு காற்றாடிச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் மனுஷன் என் முகத்தில் விழிப்பதற்கு முன் அதன் முகத்தில்தான் விழிப்பார். அன்றைக்குத்தான் அதற்குப் புதுப்பிப்பு எல்லாம் செய்து, சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார். "அதுக்கே தாலி கட்டியிருக்கலாம்ல?" என்று நான் கேட்பேன். "அது இவ்வளவு வாய் பேசாது லா" என்பார்.

எங்கள் வீட்டில் எல்லாமே லினக்ஸ்தான். செத்துப்போய்விட்டது என்று நான் பழைய இரும்புக்காரனுக்குப் போட வைத்திருந்த மடிக்கணினியைக்கூட அவர் ஒரு மதியத்தில் உயிர்ப்பித்துவிட்டார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கிளினிக்கில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி, எதை அழுத்தினால் எது வரும் என்று தெரியாமல் கத்தியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. மகளோ அதிலேயே பிறந்தவள் போல அதில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்குள் எங்கள் குடும்பமே இருந்தது. ஹேண்ட்போனில் எடுக்கும் படங்கள் தாமாகவே அதற்குள் போய்ச் சேரும். பிறகு இடம் அடைக்காதபடி ஹேண்ட்போனிலிருந்து அழிந்துவிடும். மகள் தவழ்ந்தது, நடந்தது, முதன்முதலாகக் கடலைப் பார்த்து அழுதது, எல்லாம் அதற்குள். "ஊர்ல எவனோ ஒருத்தன் கம்பெனியில நம்ம புள்ள படத்த ஏன் கொண்டு போயி வைக்கணும்? நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டுல இருக்கட்டும்" என்பது அவர் கட்சி.

அதே அளவு பயமும் அவரிடம் இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மடிக்கணினியில் ஓடும் வரிகளைக் காட்டினார். எந்தெந்த நாட்டிலிருந்தோ யார் யாரோ எங்கள் பெட்டியின் கதவைத் தட்டித் தட்டி, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அய்யோ, உள்ள வந்துருவாங்களா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கதவையே வெளியுலகத்துக்கு இல்லாமல் செய்துவிட்டு, எங்கள் ஹேண்ட்போன்களுக்கும் மகளின் டேப்லட்டுக்கும் மட்டும் தனியாக ஒரு ரகசிய வழி போட்டார். பிறகு கீழ்மாடி வீட்டில் திருடன் புகுந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது, அந்த வீட்டுப் பெண் பொருள் போனதற்கு அழவில்லை, பிள்ளையின் படங்கள் கண்டவன் கையில் போய்விட்டதே என்றுதான் அழுதாள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர், எங்கள் பெட்டிக்குள் எல்லாவற்றையும் சேமிக்கும் வட்டு முழுவதையும் ஒரு கடவுச்சொல்லால் பூட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது திறந்திருக்கும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கடவுச்சொல்லைக் கேட்கும். "பெட்டியவே தூக்கிட்டுப் போனாலும் அவனுக்கு அது வெறும் இரும்புதான்" என்று பெருமையாகச் சொன்னார்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று அதற்குள் இருந்தது. அப்பா கதை சொல்லாமல் என் மகள் தூங்க மாட்டாள். அவருக்கோ பாதி நாள் இரவு ஷிஃப்ட். அதனால் வேலைக்குள் நுழைவதற்கு முன், தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் காடிக்குள்ளேயே உட்கார்ந்து, ஹேண்ட்போனில் ஒரு கதையைப் பேசிப் பதிவு செய்து பெட்டிக்கு அனுப்பிவிடுவார். மகள் படுக்கையில் டேப்லட்டைத் தட்டினால் அப்பா பேசுவார். கதைக்கு நடுவே மோட்டார் சைக்கிள் போகும். யாராவது கண்ணாடியைத் தட்டி "சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். இவர் கதையிலிருந்தே "இன்னும் இல்ல லா" என்று பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மகளுக்கு அந்த "இன்னும் இல்ல லா"வும் கதையில் சேர்த்திதான். கூடவே சொல்வாள்.

அவளுக்கு மிகப் பிடித்தது குரங்குக் கதை. தாவரத் தோட்டத்துக் குரங்கு ஒன்று, டுரியான் பழ வாசனைக்கு ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி, தீவின் மறுபக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்குப் போய்விடும். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பார்த்தால் பொழுது சாய்ந்திருக்கும், திரும்பிப் போக வழி தெரியாமல் தவித்து, கடைசியில் எப்படியோ வீடு சேரும். அவ்வளவுதான் கதை. அதை எத்தனை முறை கேட்டாலும் அவளுக்கு அந்தக் குரங்கு வீடு சேருமா சேராதா என்ற கவலை வரும்.

இனி அந்தத் தீபாவளி நாளைச் சொல்ல வேண்டும். பாலிக் புலாவில் இருக்கும் என் கணவரின் அக்கா, அதாவது என் அண்ணி, குடும்பத்தோடு வந்திருந்தார். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது இவர் திடீரென்று, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கம்ப்யூட்டர எப்படித் தொறக்கிறதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லி வெச்சிர்றேன்" என்று ஆரம்பித்தார்.

அண்ணிக்கு வந்ததே கோபம். "நல்ல நாளும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதாடா உனக்கு?" என்று தட்டிலிருந்த லட்டு ஒன்றை எடுத்து அப்படியே தம்பியின் வாயில் திணித்தார். அவர் இரண்டு கன்னமும் உப்ப, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நானும் சிரித்தேன். "வாயைக் கழுவிட்டு வாங்க" என்றேன். எங்கள் சனங்களின் வழக்கம் அது. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும். பேசாமல் இருந்தால் அதற்கு வழி தெரியாமல் போய்விடும் என்று எண்ணமோ என்னவோ.

அடுத்த பொங்கல் வருவதற்குள் அது வந்துவிட்டது. அதே கார் நிறுத்துமிடத்தில், காடியிலிருந்து இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்ததாகச் சொன்னார். கழுத்தில் சிலுவை போட்ட, மெல்லப் பேசும் மனிதர். ஒரு பள்ளியில் ஆசிரியர். லினக்ஸ் ஆர்வலர்களின் ஏதோ ஓர் இணையக் குழுவில் என் கணவருக்குப் பழக்கமாம். கையைக் கூப்பி நின்றுவிட்டு, தயங்கித் தயங்கி, "சிஸ்டர், அந்த மெஷின் ஓடிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் மெஷினைக் கேட்கிறானே, என்ன மனுஷன் இவன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அவர் போன் செய்து பொறுமையாக விளக்கினார். அவரும் என் கணவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்களாம். இங்கே தீ, வெள்ளம், திருட்டு என்று ஏதாவது நடந்தால் எதுவும் போய்விடாதபடி, எங்கள் பெட்டியின் நகல் ஒன்று அவர் வீட்டில். அவர் வீட்டுப் பெட்டியின் நகல் எங்கள் வீட்டில். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஆனால் இரண்டுமே பூட்டியவை. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் எட்டிப் பார்க்க முடியாது.

"என்கிட்ட இருக்கிறத நான் தொறக்க முடியாது சிஸ்டர். சாவி அவரு மனசுலதான் இருந்திச்சு. ஆனா உங்க மெஷின் இன்னும் ஓடுது, அது தொறந்துதான் இருக்கு. உங்க ஹேண்ட்போன் வழியாவே எல்லாத்தையும் இறக்கிடலாம். நான் நாளைக்கே வரவா?"

ஹாலில் இருந்த பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கருமாதி முடிகிறவரை செத்தவர் பொருளைத் தொட்டு நோண்டக் கூடாது, வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. நான் அதை அவரிடம் சொன்னபோது அவர் வற்புறுத்தவில்லை. "சரி சிஸ்டர். உங்க வழக்கம் எனக்குப் புரியுது. கருமாதிக்கு மறுநாள் காலையில மொத ஃபெரியில வரேன். அதுவரைக்கும் மெஷின மட்டும் யாரும் ஆஃப் பண்ணாம பார்த்துக்குங்க."

நான் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். அண்ணியிடம் தனியாகவும் சொன்னேன். "அண்ணி, அவரோட கம்ப்யூட்டர யாரும் ஆஃப் பண்ணாம பார்த்துக்குங்க. அவரு குரல் எல்லாம் அதுலதான் இருக்கு." அண்ணி என் தலையைத் தடவி, "நான் பார்த்துக்கிறேன் மா, நீ கவலப்படாத" என்றார்.

அந்த நாட்களில் மாலையானால் மகள் டேப்லட்டைத் தட்டுவாள். அறைக்குள்ளிருந்து அவர் குரல் வரும். ஹாலில் படமாக மாலை போட்டு இருந்தவர், அறையில் "இன்னும் இல்ல லா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அது கொடுமையாகவும் இருந்தது, அதைவிட்டால் கதியில்லை என்றும் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் டிவி அலமாரிப் பக்கம் போய் சக்களத்தியின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருக்கும். அவர் இருந்தபோது ஒருநாள்கூட நான் அதைத் தொட்டதில்லை.

அவர் படத்தை அந்த அலமாரியின் மேல்தான் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி போட்டு மூடியதில் கீழ்த்தட்டு மறைந்துபோயிருந்தது. படத்துக்கு முன்னால் காமாட்சி விளக்கு. கருமாதி வரை அது அணையக் கூடாது. அண்ணி அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். எண்ணெய் ஊற்றுவதும் திரி தூண்டுவதும் காற்றடித்தால் கையால் மறைப்பதுமாக அவருக்குத் தூக்கமே இல்லை. விரல் நுனியெல்லாம் கரி. யாராவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார். "என் தம்பிக்கு இருட்டுல போயி பழக்கமில்ல" என்பார்.

கருமாதி அன்று காலையில் பெண்கள் என்னை அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நான் எதையும் தடுக்கவில்லை. வெளியே ஹாலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம். அதற்கு நடுவே கீ கீ என்று ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. யாருடைய ஹேண்ட்போனோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது.

சடங்கு முடிந்து, சாப்பிட்டு, வந்தவர்கள் கலைந்தார்கள். மாலையில் மகள் டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அம்மா, அப்பா வரல."

நான் வாங்கித் தட்டிப் பார்த்தேன். தொடர்பு இல்லை என்றது. அலமாரிக்கு ஓடிப் போய் வெள்ளைத் துணியை விலக்கினேன். பச்சை விளக்கு இல்லை. கை வைத்தேன். சில்லென்றிருந்தது.

"கம்ப்யூட்டர யாரு ஆஃப் பண்ணது?" என்று நான் கத்தியதில் அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரும் தொடல மா. இந்தா பாரு" என்று சேலை முந்தானையை அவிழ்த்து ஒரு சாவியைக் காட்டினார். "அந்தச் சின்ன ரூமப் பூட்டி சாவிய நானே முடிஞ்சு வெச்சிருக்கேன். புள்ளைங்களகூட உள்ள விடல."

சின்ன அறையில் மேசைமேல் அவருடைய மடிக்கணினி இருந்தது. மகளும் நானும் அன்றாடம் புழங்கி வந்த அதே மடிக்கணினி. அதில் ஒன்றும் இல்லை. திரை உள்ளதுதானே கம்ப்யூட்டர்? அண்ணி இத்தனை நாளும் அதைத்தான் கண்ணுக்குள் வைத்துக் காத்திருந்தார்.

நான் துணிக்குப் பின்னால் கை காட்டினேன்.

"இதுவா? தண்ணி ஊத்திக் கழுவுனோம்ல மா, வயரு கீழ கெடந்துச்சு. யாருக்காவது கரண்டு அடிச்சிரப் போவுதுன்னு நான்தான் சுவிட்ச அமுக்குனேன். அந்த பேட்டரி டப்பா கீ கீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. ஐயரு மந்திரம் சொல்றாரு, இது கத்துது. அதையும் அமுக்கிட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரல் இறங்கி, "ஏன் மா? டிவி டப்பாதானே?" என்றார்.

மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கட்டும், அதற்குள் யாராவது பார்ப்பார்கள் என்று அவர் வாங்கி வைத்த பேட்டரி அது. வீடு நிறையச் சனம் இருக்கும்போது, வாய்விட்டுக் கத்தி உதவி கேட்டிருக்கிறது. அந்தச் சத்தம் அறைக்குள் இருந்த என் காதிலும்தான் விழுந்தது.

என் வாயில் என்னென்னவோ வந்தது. அந்தக் கணத்தில் அண்ணியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் சாவியை நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் கரி. பின்னால் காமாட்சி விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கொடுத்த இரண்டு வேலையையும் அவர் ஒரு குறையும் வைக்காமல்தான் செய்திருந்தார்.

"ஆமா அண்ணி. டிவி டப்பாதான்" என்றேன்.

மறுநாள் காலை அண்ணி பாலிக் புலாவுக்குக் கிளம்பினார். சொன்னபடியே முதல் ஃபெரியில் பட்டர்வொர்த் ஆசிரியர் வந்தார். தன்னிடமிருந்த நகல் வட்டைத் துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர். என்னைவிட அவருக்குத்தான் அன்று அழுகை வந்தது.

பெட்டியை டிவியில் மாட்டி, ஆசிரியர் கொண்டுவந்த கீபோர்டையும் செருகிப் போட்டோம். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி, கடவுச்சொல்லைக் கேட்டது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வேறு வழிகளையும் பார்த்தோம். வீட்டின் எல்லாக் கடவுச்சொற்களையும் சேர்த்து வைக்கும் பெட்டகம் ஒன்று அவரிடம் இருந்தது. அது இருந்ததோ அதே பெட்டிக்குள். சாவியை உள்ளே போட்டுப் பூட்டியது போலத்தான். அவர் ஹேண்ட்போனிலும் அந்தப் பெட்டகத்தின் வாசல் இருந்தது. அதுவோ தலைமைக் கடவுச்சொல்லைக் கேட்டது, இல்லாவிட்டால் அவர் விரல் வேண்டும் என்றது. அந்த விரலை நாங்கள் பத்து லஞ்சாங் மயானத்தில் எரித்துவிட்டு வந்திருந்தோம்.

எனக்குத் தெரிந்த அவரையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் அடித்தேன். என் பெயர். மகள் பெயர். மகளை அவர் கொஞ்சும் பெயர். அவர் அம்மா பெயர். முதல் காடியின் எண். நாங்கள் முதன்முதலில் சேர்ந்து தேநீர் குடித்த கடை. ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்வதற்கு முன் அது சில நொடி யோசிக்கும். அந்தச் சில நொடிகளில் நான் ஒவ்வொரு முறையும் நம்பினேன். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரின் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ ஊரிலிருந்து தட்டினார்களே, அவர்களைப் போலவே. எங்களுக்கும் திருடனுக்கும் அந்தப் பூட்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னம்மா கேக்குது அது?"

"பேரு கேக்குது."

"என் பேரு சொல்லு. அப்பா தொறப்பாரு."

"சொன்னேன்டா."

"சத்தமா சொல்லு."

ஆசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து, "சிஸ்டர், நீங்க மனசு கஷ்டப்படக்கூடாது. எங்க குரூப்புல புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அவருதான் சொல்லித் தருவாரு. பொண்டாட்டி பேரு, புள்ள பேரு வெக்கவே வெக்காத, திருடன் மொதல்ல அதத்தான் தட்டிப் பார்ப்பான்னு. சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையக் கோத்து வைன்னுவாரு" என்றார். எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே எங்கள் பெயரை அதில் வைக்காமல் விட்டிருக்கிறார். அது எனக்கு ஆறுதலா வேதனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

பல சனிக்கிழமைகள் ஆசிரியர் ஃபெரி ஏறி வந்தார். எனக்குத் தோன்றிய வார்த்தைகளையெல்லாம் கோத்துக் கோத்து முயன்று பார்த்தோம். ஒருநாள் அவரே என் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். "போதும் சிஸ்டர். இது தொறக்காது. அவரு அவ்வளவு நல்லாப் பூட்டியிருக்காரு" என்றார். என் கணவர் இறந்த அன்று அழாத அழுகையை நான் அன்று அழுதேன். முதல் தடவை மனுஷன் போனார், இரண்டாம் தடவை அவர் குரல் போனது.

அன்று கிளம்பும்போதுதான் ஆசிரியர் மகளின் டேப்லட்டைக் கேட்டு வாங்கினார். கேட்ட கதையின் மிச்சம் மீதி சில நேரம் டேப்லட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த சனிக்கிழமை வந்தவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. "ஒன்னே ஒன்னு கெடச்சிச்சு. அதுவும் முழுசா இல்ல" என்று சொல்லி மகளின் கையில் கொடுத்தார்.

குரங்குக் கதை. மோட்டார் சைக்கிள் சத்தம், கண்ணாடியைத் தட்டும் சத்தம், "இன்னும் இல்ல லா." மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குரங்கு பஸ் ஏறியது. பாலிக் புலாவில் இறங்கியது. வயிறு முட்டத் தின்றது. இருட்டியது. வழி தெரியாமல் அழுதது. அந்த வழியாக வந்த பஸ்காரரை நிறுத்தியது. என் கணவர் குரங்கின் குரலில், மூக்கால் அழுதுகொண்டே கேட்டார்: "அண்ணே, அண்ணே, என் வீட்டுக்குப் போற பஸ் எது அண்ணே?"

அத்தோடு நின்றுவிட்டது. அவள் அன்றைக்கு அந்த இடத்தில் தூங்கிப்போய், நான் கதையை நிறுத்தியிருக்க வேண்டும். நான் கையை நீட்டி டேப்லட்டை அணைக்கப் போனேன். அதற்குள் மகள் பஸ்காரராகக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, அப்பா சொல்வது போலவே சொன்னாள்.

"ஏறு லா. உன்ன விட்டுட்டு நான் போவேனா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் மகளைக் கட்டிக்கொண்டேன். மீதிக் கதையை, குரங்கு வீடு போய்ச் சேருகிறவரை, ஒரு வார்த்தை விடாமல் அவளே சொல்லி முடித்தாள். அதைப் பதிவு செய்து கதையின் மறுபாதியாகச் சேர்த்துக் கொடுத்தார் ஆசிரியர்.

இப்போது அந்தப் பெட்டியை நான்தான் ஓட்டுகிறேன். புது வட்டு போட்டு, ஆசிரியர் போனில் சொல்லச் சொல்ல, கறுப்புத் திரையில் தப்புத் தப்பாக அடித்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் புதுப்பிப்பு போடுகிறேன், கதவுகளைச் சரிபார்க்கிறேன். பட்டர்வொர்த்தில் எங்கள் நகல், இங்கே அவர்கள் நகல், பழைய ஏற்பாடு அப்படியே. பூட்டுகிறேன், அவர் பூட்டியது போலவே நன்றாகத்தான் பூட்டுகிறேன். பழைய வட்டு அவர் சட்டைகளோடு அலமாரியில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

போன தீபாவளிக்கு அண்ணி வழக்கம்போல வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது நான் ஆரம்பித்தேன்: "அண்ணி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

அண்ணியின் கை பழக்கதோஷத்தில் லட்டுத் தட்டுக்குப் போய்விட்டது. எடுத்தும்விட்டார். அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு லட்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "சொல்லு மா, கேக்குறேன்" என்றார்.

சம்பந்தமில்லாத வார்த்தைகளைக் கோத்து நான் வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். எழுதித் தர வேண்டாம் என்றார். கந்தசஷ்டிக் கவசம் முழுதும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு இது எம்மாத்திரம்? கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்து ஏற்றிக்கொண்டார். இப்போதும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் எனக்குப் போன் செய்து, மறந்துவிடவில்லை என்று காட்ட ஒருமுறை ஒப்பிப்பார். போனில் எல்லாம் சொல்லக் கூடாது அண்ணி என்று நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்கிறேன்.

அந்தத் தீபாவளியன்று முதல்முறை ஒப்பித்து முடித்த பிறகு, அவர் அலமாரியின் கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அன்னிக்கு நான் ஆஃப் பண்ணது இந்தப் பெட்டியத்தானே?" என்றார்.

"இல்ல அண்ணி. அது டிவி டப்பா."

அவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவும் இல்லை. மெதுவாகக் குனிந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு" என்றார்.

பூட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்தவரும், பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்த நாங்களும் சேர்ந்துதான் அந்தக் குரலைத் தொலைத்தோம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தால், கையிலிருக்கும் லட்டைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொள்கிறோம்.